கட்டிலில் இருந்தே கூத்து கட்டலாம்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. இரண்டு மாதம் முன்பு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை என்று சொன்னார்கள். பெங்களூருவில் வைத்தியம் நடக்கிறது. வாரம் ஒரு முறை பஸ்ஸில் கூட்டிப் போய் வருகிறோம். முடி கொட்டிவிட்டது, முகம் உப்பிவிட்டது. பேசும் பொம்மை, கலர் பென்சில் எல்லாம் வாங்கி வந்தேன், தொடவே இல்லை. நான் குரங்கு மாதிரி குதித்துக் காட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். ஊசி என்று பேச்செடுத்தாலே அலறுகிறாள். "நோவு வந்த பிள்ளைக்கு விளையாட்டு என்னத்துக்கு, கிருமி ஒட்டிக்கும்" என்கிறார் என் அம்மா. அவளைச் சிரிக்க வைக்க நான் என்ன செய்வது?
பாலக்கோடு அருகிலிருந்து ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

உங்கள் அம்மா சொல்வதில் கிருமி பற்றிய பாதி சரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிய விஷயம்.

இரண்டு மாதமாக உங்கள் பாப்பாவிடம் யாரும் எதையும் கேட்டுச் செய்யவில்லை. எந்தக் கையில் குத்துவது, எப்போது படுப்பது, எதைச் சாப்பிடுவது எல்லாம் பெரியவர்கள் முடிவு. வைத்தியத்தில் வேறு வழியும் இல்லை. இப்போது நீங்கள் குதித்துக் காட்டுவதும் அவள் கேட்காமல் நடக்கும் இன்னொரு காரியம். சுவர்ப் பக்கம் திரும்புவதுதான் அவள் கையில் மிச்சமிருக்கும் ஒரே "வேண்டாம்". அதனால் அவளை எப்படிச் சிரிக்க வைப்பது என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அவள் "வேண்டாம்" என்றால் நிஜமாகவே நின்றுபோகிற ஒரு விளையாட்டை உண்டாக்குங்கள். சிரிப்பு அதன் பின்னால் வரும், சில நாள் வராமலும் போகும்.

1986-இல் நியூயார்க்கில் மைக்கேல் கிறிஸ்டென்சன் என்ற சர்க்கஸ் கோமாளி, குழந்தைகள் வார்டுக்குக் கோமாளிகளை அழைத்துப் போகும் வேலையைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அப்படி வார்டுக்குப் போகும் கோமாளிகள் வாசலிலேயே நின்று "உள்ளே வரலாமா?" என்று கேட்கிறார்கள். பிள்ளை வேண்டாம் என்றால் திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்கள் கற்றுக்கொள்ளும் வித்தைகளில் இதுதான் முதல் வித்தை. முதல் வாரம் நீங்களும் இதை மட்டும் செய்யுங்கள். அறைக் கதவைத் தட்டுங்கள், கேளுங்கள், வேண்டாம் என்றால் முகம் வாடாமல் போய்விட்டு அரை மணி கழித்து வாருங்கள். மூன்றாவது, நாலாவது முறையில் "வேண்டாம்" என்பதையே அவள் விளையாட்டாக்கிவிடுவாள். அங்கே இருந்து பிடித்துக்கொள்ளலாம்.

இனி கிருமி. ரத்தப் பரிசோதனைத் தாள் வரும்போதெல்லாம் இரண்டு எண்களைக் கேட்டு நாள்காட்டியில் எழுதிவிடுங்கள்: ஏ.என்.சி., பிளேட்லெட். ஏ.என்.சி. 500-க்குக் கீழே என்றால் தொற்றோடு போராடும் வெள்ளை அணுக்கள் மிகக் குறைவு. அந்த நாட்களில் வெளியாட்கள் வேண்டாம், சளி இருமல் உள்ள உறவுக்காரர்கள் கண்டிப்பாக வேண்டாம், துடைத்தோ துவைத்தோ எடுக்கக்கூடிய பொருள்கள் மட்டும் விளையாட்டுக்கு. மண், களிமண், பூந்தொட்டி, கோழிக்குஞ்சு, தேங்கிய தண்ணீர் எல்லாம் அப்போது விலக்கு. பூஞ்சையும் பாக்டீரியாவும் அங்கேதான் இருக்கும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 50,000-க்குக் கீழே போனால் குதிப்பது, துரத்துவது கூடாது. 20,000-க்குக் கீழே என்றால் கத்தரிக்கோலையும் எடுத்து வைத்துவிட்டுக் கட்டில் விளையாட்டோடு நிறுத்துங்கள். உங்கள் மருத்துவர் வேறு வரம்பு சொல்லியிருந்தால் அவர் சொல்வதே கணக்கு.

விளையாடும்போது உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு முறை காட்டினாலும் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெங்களூரு தூரம் என்பதால், வழியில் எந்த மருத்துவமனையில் முதல் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொள்வது என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு, கடிதமும் எழுதி வாங்கி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதைக் குறித்து வையுங்கள். இந்த ஒரு காகிதம் வீட்டில் இருந்தால் உங்கள் அம்மாவின் பயம் பாதி குறையும்.

இப்போது கூத்துக்கு வருவோம். உங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கூத்து பார்க்காத குடும்பம் குறைவு. அங்கே ராஜா எடுத்தவுடன் வந்து நின்றுவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் வேஷம் வெளியே வரும். முன்னால் நிற்கும் கட்டியங்காரன், வருவது யாராக இருந்தாலும் "யாரய்யா நீர், எந்த தேசம், என்ன வேலையா வந்தீர்?" என்று மடக்கிக் கேட்பான். ராஜாவையே கிண்டல் செய்ய அவனுக்கு உரிமை உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் கிடையாது. எழுந்து ஆட வேண்டாம், வாய் மட்டும் போதும்.

பழைய பருத்திப் புடவை ஒன்றைத் துவைத்து வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் வரும் எதுவும், ரசம் சாதம் உட்பட, திரைக்குப் பின்னால் நின்று தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும். "நான் அடுப்பங்கரை தேசத்து ரசம் சாத மகாராஜா!" என்று நீங்கள் இழுத்துப் பாடுங்கள். அவள் "நாளைக்கு வா" என்றால் ரசம் சாதம் அழுதுகொண்டே திரும்பிப் போக வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வரலாம், இந்த முறை அப்பளத்தைத் தூதுவிட்டு.

ஒரு எச்சரிக்கை. அவளால் நிஜமாகத் திருப்பி அனுப்ப முடிகிறதை மட்டும் திரைக்குப் பின்னால் நிறுத்துங்கள். மாத்திரையை நிறுத்தி, அவள் "போ" என்ற பிறகு வாயில் திணித்தால் ஆட்டம் அன்றோடு செத்துவிடும். மாத்திரை வந்தே தீரும். அதை அவள் வாய்க்கு வந்தபடி திட்டலாம், முன்னால் தண்ணீரா பின்னால் தண்ணீரா என்று தீர்ப்பு சொல்லலாம், அவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கசக்கும், அதைப் பிடித்த உணவுக்குள் ஒளித்து வைத்தால் அந்த உணவையும் வெறுத்துவிடுவாள். மாத்திரையை மிட்டாய் என்று சொல்வதும் ஆபத்து. தம்பி தங்கை எடுத்து விழுங்கிவிடுவார்கள்.

கிரீடம் செய்ய சட்டைப் பெட்டி அட்டை போதும். முடி கொட்டிய தலையில் தோல் மென்மையாக, தொட்டால் கூசும்படி இருக்கும். உள்பக்கம் பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், கீறினால் ரத்தம் நிற்க நேரமாகும். ஜிகினாத் தூள் கண்ணிலும் மூக்கிலும் போகும், பதிலாக சமையலறை அலுமினியத் தாளை ஒட்டலாம். அவள் முகத்தில் அரிதாரம் பூசாதீர்கள், மருந்து ஓடும் உடம்பில் தோல் சட்டென்று புண்ணாகும். உங்கள் முகத்தைக் கொடுங்கள். வாட்டர் கலரும் பிரஷ்ஷும் அவள் கையில், நீங்கள் கட்டில் ஓரம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கன்னம் பச்சை, மறு கன்னம் நீலம், மூக்கு நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. பிரஷ் காதுக்குள் போனால் கூச்சத்தில் நெளியுங்கள். வேண்டுமென்றே இன்னொரு முறை விடுவாள். இரண்டு மாதமாக மற்றவர்கள் அவள் உடம்பைத் தொட்டு என்னென்னவோ செய்தார்கள். இந்த இருபது நிமிடம் அவள் செய்கிறாள். அந்த முகத்தோடே தெருக்கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னால் போய்விட்டு வாருங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

வீட்டில் அண்ணன், அக்கா இருந்தால் திரை பிடிக்கும் வேலை அவர்களுக்கு. இந்த நோய் வந்த வீடுகளில் மற்ற பிள்ளைகள் சத்தமில்லாமல் ஓரம் போய்விடுவார்கள்.

கைக்கு ஒரு வேலை கொடுப்பதும் முக்கியம். அவளுக்குப் போடும் மருந்துகளில் வின்கிறிஸ்டின் இருக்கலாம். அது விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும், பிடி தளரும், சில பிள்ளைகளுக்குத் தாடை வலிக்கும். கலர் பென்சிலைத் தொடாததற்கு மனசு மட்டும் காரணமாக இருக்காது. பிடிக்கவே முடியாமல் இருந்திருக்கலாம். பட்டன் போடச் சிரமப்படுகிறாளா, நடக்கும்போது பாதம் தரையில் இழுபடுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பென்சிலுக்குப் பதில் தடித்த கிரேயான் கொடுங்கள். அல்லது பென்சிலில் துணியைச் சுற்றி விரல் பருமனாக்குங்கள்.

அதைவிட நல்லது மாவு உருண்டை. மைதா 1 டம்ளர், தூள் உப்பு அரை டம்ளர், தண்ணீர் 1 டம்ளர், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான பாத்திரத்தில் சின்னத் தீயில் வைத்து, களி கிண்டுகிற மாதிரி விடாமல் கிண்ட வேண்டும். நாலைந்து நிமிடத்தில் பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வரும். ஆறவைத்துப் பிசையுங்கள். நிறத்துக்கு ஒரு பங்கில் மஞ்சள் தூள், இன்னொன்றில் பீட்ரூட் சாறு. சாற்றை மட்டும் கரைக்கும்போதே சேர்த்துத் தனியாகக் கிண்டிவிடுங்கள். கையில் ஒட்டினால் சரியாக வேகவில்லை என்று அர்த்தம், இன்னும் ஒரு நிமிடம் கிண்டுங்கள். வெடித்து உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். பச்சை மாவில் கிருமி இருக்கும் என்பதால்தான் வேகவைக்கச் சொல்கிறேன். அன்றன்றைக்குச் செய்து அன்றே தூக்கிப் போடுங்கள், மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள். கையில் கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகிய குழாய்) இருந்தாலோ காயம் இருந்தாலோ அந்தக் கை படக் கூடாது, உப்பு எரியும். மரத்துப்போன விரலுக்கு இதை உருட்டுவது பயிற்சியும்கூட. ஆனால் அதை அவளிடம் சொல்லாதீர்கள். பயிற்சி என்ற வார்த்தை காதில் விழுந்த நிமிடமே அது ஆஸ்பத்திரி வேலையாகிவிடும்.

ஊசிக்கு வருகிறேன். "வலிக்காது" என்று இனிமேல் சொல்லவே சொல்லாதீர்கள். ஒரு முறை பொய்யானால் அடுத்த பத்து முறை நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டாள். "குத்தும். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பது போதும். "ஊசி போட்டுக்கலாமா கண்ணு?" என்றும் கேட்காதீர்கள், அதற்கு வேண்டாம் என்று பதில் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. "எண்ணலாமா, குமிழி ஊதலாமா?", "பார்க்கிறியா, அப்பா தோளில் முகம் வெச்சுக்கிறியா?" இவை நிஜமான கேள்விகள். நாலு பேர் பிடித்து மல்லாக்கப் படுக்கவைப்பதைவிட, உங்கள் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக உட்காரவைத்து ஒரு கையை மட்டும் நீட்டச் செய்வது பிள்ளைக்குப் பயத்தைக் குறைக்கும். நர்ஸம்மாவிடம் முன்பே கேட்டு வையுங்கள். குத்தும் இடத்தில் தடவும் மரப்பு களிம்பு உண்டு; ஒரு மணி நேரம் முன்பே தடவினால்தான் வேலை செய்யும். அவளுக்கு அது தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சோப்புக் குமிழி விளையாட்டாகத் தெரிந்தாலும் அது மூச்சுப் பயிற்சி. நீளமாக, மெதுவாக ஊதினால்தான் குமிழி வரும், அப்படி ஊதும்போது உடம்பு தானாகத் தளரும். காய்ச்சி ஆறிய தண்ணீர் 200 மில்லி, பாத்திரம் கழுவும் திரவம் 2 மேசைக்கரண்டி, மருந்துக்கடைக் கிளிசரின் 1 தேக்கரண்டி. நுரைக்காமல் மெல்லக் கலக்கி இரண்டு மணி நேரம் விடுங்கள். கிளிசரினுக்குப் பதில் சர்க்கரையும் போடலாம், ஆனால் பையில் எறும்பு மொய்க்கும். உறிஞ்சு குழல் வேண்டாம். வாய்ப்புண் இருக்கும் பிள்ளை உள்ளே இழுத்துவிட்டால் எரிந்துவிடும். மெல்லிய கம்பியை ஒரு ரூபாய் நாணயம் அளவு வளையமாக்கி, அதில் நூலைச் சுற்றினால் கரைசல் நன்றாகப் பிடிக்கும். கரைசலையும் தினம் புதிதாகக் கலக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, அழுகை தொடங்கிய பிறகு குமிழியை எடுப்பது. அப்போது எதுவும் எடுபடாது. கையைத் துடைக்க வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஊதத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் குரல் மட்டும் அவள் காதில் விழட்டும். அம்மா, அப்பா, நர்ஸ் மூவரும் சேர்ந்து ஆறுதல் சொன்னால் அது சந்தைச் சத்தம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு துணிப் பொம்மை ஒன்று தைத்துக் கொடுங்கள். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, வெள்ளைத் துணியில், உள்ளே சுத்தமான துணித் துண்டுகள். கண் மூக்கு வரையாதீர்கள், அது அவள் வேலை. கடையில் புதிதாக வாங்கிய 5 மில்லி சிரிஞ்சு, ஊசியைக் கழற்றிப் பத்திரமாக அப்புறப்படுத்திவிட்டு; கொஞ்சம் பேண்டேஜ். அவள் பொம்மைக்கு இருபது ஊசி போடலாம், அடிக்கலாம், "அழாதே, அழாதே" என்று மிரட்டலாம். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், தடுக்காதீர்கள். தனக்கு நடந்ததை அவள் திருப்பிப் பார்க்கிறாள். "பாப்பா பொம்மை பாவம், அடிக்காதே" என்று குறுக்கே விழுந்தால் மறுபடி உள்ளே பூட்டிக்கொள்வாள். "நல்ல பொம்மை, அழவே இல்லை" என்றும் சொல்லாதீர்கள், அழக் கூடாது என்று அவளுக்குச் சொன்னதாகிவிடும். ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "பொம்மைக்கு இப்ப எப்படி இருக்கு?" பதிலில் பல விஷயம் தெரியவரும். வாரம் ஒரு முறை பொம்மையைச் சுடுதண்ணீரில் துவைத்து நன்றாகக் காயவையுங்கள்.

முதுகுத்தண்டில் ஊசி போட்ட நாளில் மல்லாந்து படுத்திருக்கச் சொல்வார்கள், தலையும் வலிக்கலாம். அன்றைக்குக் கூரையில் நிழல் காட்டுங்கள். மற்ற விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை மேல்நோக்கித் தரையில் வைத்து, அதற்கு மேல் கையால் முயல், நாய், கழுகு. கை விளக்குக்கு அருகே போனால் நிழல் பூதமாகும், விலகினால் சுருங்கும். வாந்தி வருகிற நாளில் இதுவும் வேண்டாம், பக்கத்தில் சும்மா படுத்திருங்கள்.

இந்த வைத்தியம் மொத்தம் இரண்டு, இரண்டரை ஆண்டு போகும். தினம் மூன்று மணி நேரம் வேடிக்கை காட்டினால் அடுத்த மாதம் நீங்களே கட்டிலில் விழுவீர்கள். ஒரு நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஸ்டீராய்டு ஓடும் நாட்களில் இப்போது சிரிப்பாள், இரண்டு நிமிடத்தில் திரையைப் பிடுங்கி எறிவாள், நடுராத்திரி இட்லி கேட்பாள். அது மருந்தின் வேலை, உங்கள் கூத்தில் குறையில்லை. அவளுக்கு ஆடு புலி ஆட்டம் தெரிந்தால் அதுவும் நல்லது, ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அப்பா தோற்றுக்கொண்டே இருந்தால் தனக்கு ஏதோ பெரிதாக ஆகப்போகிறது என்று கணக்குப் போடும்.

"நான் செத்துப்போயிடுவேனா?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். "உனக்கு ஏன் அப்படித் தோணுச்சு?" என்று கேட்டுவிட்டு முழுதும் கேளுங்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளை காணாமல் போனது பற்றியதாக இருக்கலாம். இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் ஒட்டாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் சிகிச்சைக் குழுவிடம் சொல்லி மனநல ஆலோசகரைப் பார்க்கக் கேளுங்கள். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் தாங்க முடியாத இரவு வந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. காசில்லை, தமிழில் பேசலாம்.

கடைசியாக அந்த பஸ். ஏ.என்.சி. குறைந்த நாளில் கூட்ட பஸ் வேண்டாம், கார் கிடைக்குமா பாருங்கள். போகிற நாளெல்லாம் மாஸ்க். எதில் போனாலும் அவளைக் கண்டக்டராக்கிவிடுங்கள். பழைய நோட்டுத் தாளைக் கிழித்து டிக்கெட் கட்டு ஒன்று, ஒரு ரப்பர் பேண்டு, தோளில் மாட்டத் துணிப்பை. மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை, உத்தனப்பள்ளி, ஓசூர், அத்திப்பள்ளி என்று நிறுத்தங்களை அவளே எழுதட்டும். எந்த ஊர் தாண்டும்போது அவள் வயிற்றைப் பிடிக்கிறாள் என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு மேம்பாலமோ பெட்ரோல் பங்க்கோ கண்ணில் பட்டதும் வயிற்றைப் பிரட்டத் தொடங்கும். அதற்கு ஒரு நிறுத்தம் முன்பே டிக்கெட் பரிசோதகர் ஏற வேண்டும், அது நீங்கள். டிக்கெட் தொலைத்த பயணி உங்கள் மனைவி. அபராதம் எவ்வளவு என்று கண்டக்டரம்மா சொல்லட்டும்.

திரும்பி வரும் டிக்கெட்டையும் அவள் கையாலேயே எழுதி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி மட்டும் எழுத வேண்டாம். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத் தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், சொன்ன வார்த்தை பொய்யாகாமல் அந்தச் சீட்டு அப்படியே பையில் இருக்கும்.